வாய்க்கும் ஓய்வு

என் போனில் காசு தீர்ந்திருந்ததால், ஒரு நாள் காலை பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேகம்பூரில் இருக்கும் என் மகள் ஷமீமாவை அழைத்தேன். "யாருங்க பேசுறது?" என்று கேட்டாள். "அத்தா பேசுறேன்மா" என்றேன். "ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். நோயின் முதல் அறிகுறி எது என்று பின்னால் மருத்துவர்கள் கேட்டபோதெல்லாம் இதைத்தான் சொன்னேன்.

அதற்கு முன்பே குரல் கம்மிக்கொண்டுதான் இருந்தது. வெயில், தூசி, ஐஸ் மோர் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நானும் மிளகு மென்றேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். இதைப் படிக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் மிளகை வைத்துவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். எனக்கும் வலிக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத இரண்டு காரணங்கள். தொண்டைப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் கொஞ்சம் துணையாக இருக்கட்டும் என்பது ஒன்று. இன்னொன்று பழி. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், பழிதான். நான் வேலை பார்த்த நகராட்சி திண்டுக்கல் சமவெளியில் இருக்கிறது. அதன் பெயரை எழுதக் கூடாது என்று மருமகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவருக்குத் தன்னை அடையாளம் தெரியும், அது போதும்.

என் பெயர் காஜா மைதீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வால்வு பாய் என்றால்தான் தெரியும். ஓய்வு பெறும்வரை குடிநீர்ப் பிரிவில் தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறந்து மூடுவது என் வேலை. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைப்பதும் நான்தான். குழாய் உடைந்தாலோ மோட்டார் பழுதானாலோ ஜீப்பில் மைக் கட்டி அறிவிப்பதும் என் தலையில் விழுந்தது. மைக் நின்றுபோனாலும் என் சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கும் என்று மேலதிகாரிகள் கண்டுபிடித்திருந்தார்கள். நாளை குடிநீர் வராது என்று நான் சொன்னால் பெண்கள் என்னைத் திட்டிக்கொண்டே குடத்தை எடுப்பார்கள். முகம் தெரியாதவர்களுக்கும் என் குரல் தெரியும்.

அந்தக் குரலைத்தான் பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியாமல் போனது.

திண்டுக்கல்லில் ஒரு மருத்துவர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுத் தொண்டையைப் பார்த்தார் (இதை எண்டோஸ்கோபி என்கிறார்கள், குழாயின் நுனியில் கேமரா இருக்கும்). பார்த்து முடித்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பயாப்ஸிக்காக (கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) மதுரைக்கு அனுப்பினார். மதுரையில் எங்களுக்கு வாய்த்தவர் இளவயதுப் பெண் மருத்துவர். அவர் மேல் எனக்கு ஒரே ஒரு குறைதான்.

"பீடி, சிகரெட் உண்டா பாய்?"

"இல்லம்மா."

"சும்மா சொல்லுங்க. வீட்டம்மா வெளியதான் இருக்காங்க."

கதவுக்கு வெளியே இருந்த என் மனைவி ஹபீபா அங்கிருந்தே பதில் சொன்னாள். "அவரு பாக்குகூடப் போடமாட்டாரு டாக்டர். எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டாரே தவிர நம்பியதாகத் தெரியவில்லை. பிளீச்சிங் பவுடரைச் சொன்னேன். தொட்டியடியில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கரைத்ததையும், அன்றைக்கெல்லாம் தொண்டை எரிந்ததையும் சொன்னேன். அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். நியாயமான பதில். ஆனால் ஆறுதலாக இல்லை.

கட்டி குரல்வளை முழுக்கப் பரவியிருந்தது. லாரிஞ்செக்டமி (குரல்வளையை முழுதாக எடுத்துவிடும் அறுவை சிகிச்சை) செய்ய வேண்டும், அதன்பின் சொந்தக் குரல் இருக்காது என்று மருத்துவர் சொன்னார். நான் சுவரைப் பார்த்தேன். ஹபீபாதான் பேசினாள். "எடுத்துருங்க டாக்டர். இவரு பேசுனது இந்த ஊருக்குப் போதும்." சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தேன்.

தியேட்டருக்குள் கொண்டுபோகும் நேரத்தில் மனிதர்கள் பெரிதாக ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். என் சொந்தக் குரலில் நான் கடைசியாகச் சொன்னது, "வீட்டு மோட்டார நிறுத்துனியா?" என்பதுதான். நிறுத்திவிட்டதாகத் தலையாட்டினாள்.

விழித்தபோது கழுத்தின் நடுவில் ஒரு துளை இருந்தது. அதன் பெயர் ஸ்டோமா (மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் போடும் நிரந்தரத் துளை). இனி மூக்குக்கும் வாய்க்கும் மூச்சோடு சம்பந்தம் கிடையாது. இதை எனக்கு முன்கூட்டியே சொன்னார்கள்தான், ஆனால் அதன் பொருள் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. சூடான டீயை ஊத முடியாது. தும்மல் கழுத்தில் வரும். கல்யாண வீட்டுப் பிரியாணி இலையில் விழும், மணம் வராது. குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஆயுசெல்லாம் தண்ணீரோடு கிடந்தவன் ஒரு சொம்புத் தண்ணீருக்குப் பயந்து குனிந்து குளித்தேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். துளைமேல் எப்போதும் மெல்லிய பருத்தித் துணி கட்டியிருங்கள். கொசு, பூச்சி, தூசி எல்லாம் நேராக நுரையீரலுக்குத்தான் போகும். ரேடியேஷன் (கதிர்வீச்சுச் சிகிச்சை) நடக்கும்போது எச்சில் வற்றிவிடும், சோறு மரத்தூள் மாதிரி இருக்கும். கஞ்சியில் மோரை ஊற்றிக் கரைத்துக் குடியுங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் உங்களிடம் சத்தமாகப் பேசத் தொடங்குவார்கள். போனது வாய்தான், காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதிக் காட்டுங்கள்.

நான் பிள்ளைகள் எழுதும் சிலேட்டு ஒன்று வாங்கிக்கொண்டேன். ஹபீபாவைக் கூப்பிட இரண்டு முறை கை தட்டுவேன். அவள் எந்த வேலையில் இருந்தாலும் வருவாள். ஒரு நாள் ஈரக் கையோடு வந்து நின்று, "பேரு போயி நான் கைதட்டலாயிட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த முறை மதுரை போனபோது பெயரைக் கூப்பிட வழி இருக்கிறதா என்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன். இருக்கிறது என்றார் மருத்துவர். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே உள்ள சுவரில் சிறு துளையிட்டு ஒரு வால்வு பொருத்துவார்களாம். கழுத்துத் துளையை விரலால் அடைத்து மூச்சை விட்டால், காற்று அந்த வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் போய் அதிர்ந்து குரலாகும். காற்று போகும், சாப்பாடு இந்தப் பக்கம் வராது.

'நான்-ரிட்டர்ன் வால்வா?' என்று எழுதினேன். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க நாங்கள் மோட்டாரில் போடுவது அது.

"அதேதான் பாய். உங்களுக்குப் பாடம் எடுக்கவே வேணாம்" என்றார்.

சத்தம் வராமல் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அங்கேயே அடங்கியது. இந்த வால்வு சில மாதங்களில் கசியத் தொடங்கும், ஆயுள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுத்த ஓய்வூதியர் காப்பீடு இதற்குக் கொடுக்காது. வால்வு ஒரு பொருளாம், சிகிச்சை ஆகாதாம். ஓய்வூதியத்தில் அதை வாங்கிப் போட என்னால் ஆகாது.

ஓய்வு பெற்ற நகராட்சிப் பணியாளர்கள் சங்கம் ஒரு கோரிக்கை வைத்தது. காப்பீடு ஏற்காத மருத்துவச் செலவை நகராட்சி பொது நிதியிலிருந்து ஏற்க வேண்டும் என்பது அது. துப்புரவுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற முத்தம்மாளின் டயாலிசிஸும் (சிறுநீரகம் செய்யும் வேலையை இயந்திரம் செய்வது) அதில் இருந்தது, என் வால்வும் இருந்தது. நகர்மன்றக் கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

ஓர் உறுப்பினர் எழுந்தார். "இன்னைக்கு ஒருத்தருக்குக் குடுத்தா, நாளைக்கு ரிட்டயர் ஆன அம்புட்டுப் பேரும் ஸ்கேனத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க."

ஒரு பெண் உறுப்பினர் மட்டும் எங்களுக்காகப் பேசினார். "நம்ம வார்டு சாக்கடைய அள்ளுனவங்கதானங்க. நம்மதான பாக்கணும்." அவர் பேசி முடிக்கும்முன் நாலைந்து பேர் போனை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சிக்கந்தர் எழுந்தார். எங்கள் வார்டு உறுப்பினர். எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். தோல் மண்டி வைத்திருக்கிறார். நாள் முழுக்க சிகரெட்டும் கையுமாக இருப்பார், வெண்கலம் போலக் குரல். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது.

"தலைவர் அவர்களே, ஓய்வு பெற்றோர்னு நாமளே சொல்றோம். ஓய்வுன்னா ஓய்வுதான? நம்ம காஜாண்ணன் காலமெல்லாம் மைக்கப் புடிச்சுக் கத்திட்டாரு. இப்ப வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு குடுக்கட்டுமே."

மேசையைத் தட்டினார்கள். நகர்மன்றத் தலைவி ஃபைலை முகத்துக்கு நேரே உயர்த்திச் சிரிப்பை மறைத்தார். பொருள் (மன்றத்தில் விவாதத்துக்கு வைக்கும் விஷயத்துக்கு அப்படித்தான் பெயர்) ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். நான் எழுந்து நின்றேன். கோபத்தில் மூச்சு வேகமாகி, கழுத்துத் துளையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தமும் சளியும் வந்தன. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

எங்களுக்குள் முன்பகை எதுவும் கிடையாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு லாரித் தண்ணீர் பிடித்து அனுப்பியவன் நான். பகை இருந்து சொல்லியிருந்தால் ஒரு கணக்கு இருக்கும். அவர் மேசை தட்டும் சத்தத்துக்காகச் சொன்னார். ஹபீபாவும் கிட்டத்தட்ட அதே வார்த்தையைத்தான் ஆஸ்பத்திரியில் சொன்னாள், ஆனால் அவள் வராந்தாவில் போய் அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் சிக்கந்தர் எனக்கு எதிரே வந்தார். "அஸ்ஸலாமு அலைக்கும் காஜாண்ணே" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை. நான் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தேன். அவர் காத்திருப்பது போல நின்றுவிட்டு, சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, "அண்ணன் எனக்குப் பதில் ஸலாம் பாக்கி வச்சிருக்காரு" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு மனிதன் நாசமாகப் போக வேண்டும் என்று பள்ளிவாசல் வாசலில் நின்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான். திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

சங்கத்தின் பொதுக் கோரிக்கை கிடப்பில் கிடக்க, நான் என் பெயரில் தனியாக ஒரு மனு கொடுத்திருந்தேன். அதுவும் குப்பைக்குத்தான் போகும் என்று நினைத்திருந்தேன். ஒரு மாலை மன்றப் பிரிவு எழுத்தர் தனலட்சுமி வீட்டுக்கு வந்தார். தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். கூட்டத்துக்கு வரும் பொருள்களைத் தொகுத்து அச்சுக்கு அனுப்புவது அவர் வேலை.

"ஏனுங்க பாய், உங்க மனுவுல மேல 'வால்வு பொருத்துதல், மாற்றுதல் தொடர்பாக'ன்னு எழுதியிருந்தீங்களா. தபால் பிரிவுல அத அப்படியே குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்பிச்சுட்டாங்க. அங்கயும் தெரு வால்வு மாத்தற வேலைகளோட சேத்துக் கட்டி, கமிஷனர் கையெழுத்தும் வாங்கிட்டாங்க. இந்தக் கூட்டத்துக்கு வருதுங்க."

ஹபீபா டீ டம்ளரோடு அப்படியே நின்றாள்.

"உள்ள எல்லாம் சரியாத்தானுங்க இருக்கு. உங்க பேரு, தொண்டை, ஆஸ்பத்திரி, ஆயுசுக்கும் மாத்தோணும்ங்கறது, எதுவும் மறைக்கலைங்க. இருக்கற எடந்தான் குடிநீர். எடுத்து மருத்துவத்துல வெக்கறதுங்களா, அப்படியே உட்டுறதுங்களா? உங்களக் கேக்காம செய்யக் கூடாதுன்னு வந்தனுங்க."

மருத்துவத்தில் வைத்தால் சிக்கந்தர் எழுந்து நிற்பார். நான் சிலேட்டை எடுத்தேன். 'படிப்பார்களா?'

"இத்தன வருசத்துல அவிங்க படிச்சு நான் பாத்ததில்லீங்க."

துடைத்துவிட்டு, 'இருக்கட்டும்' என்று எழுதினேன்.

"என்னங்க, இது சரியா?" என்றாள் ஹபீபா. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. மனு உண்மை, நோய் உண்மை, வால்வும் வால்வுதான்.

அந்தக் கூட்டத்துக்கும் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். ஊரில் கடும் தண்ணீர்த் தட்டுப்பாடு. வெளியே காலிக் குடங்களோடு பெண்கள் நின்றார்கள். உள்ளே உறுப்பினர்களுக்கு மதியச் சாப்பாடு வந்து இறங்கிவிட்டது, மணம் எனக்கு வராவிட்டாலும் அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது. குடிநீர்ப் பொருள்களைத் தனலட்சுமி ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். என் பெயர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சிக்கந்தர் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, குடிநீர் விசயத்துல அரசியல் வேணாம். மக்கள் வெளிய நிக்கிறாங்க. குடிநீர்ப் பொருள் அம்புட்டும் ஆல் பாஸ்."

ஆல் பாஸ் என்றால் வாசிக்காமலே மொத்தமாக நிறைவேற்றுவது. மேசையைத் தட்டினார்கள். அன்றைக்கு அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சத்தம் எனக்கு வேறு இல்லை.

தீர்மானத்தில் தலைவி கையெழுத்திடும்வரை யாரிடமும் சொல்லாமல் பொறுத்திருந்தேன். அதன்பின் வந்த வெள்ளிக்கிழமை சிலேட்டோடு பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது சிக்கந்தரை வழிமறித்துச் சிலேட்டை அவர் கையில் கொடுத்தேன். நன்றி என்ற சொல் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நாலு பேர் கேட்கட்டும் என்று வாய்விட்டே படித்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். சிக்கந்தர் அவர்களுக்கு நன்றி. என் தொண்டையில் வைக்கும் வால்வுக்கு நீங்களே எழுந்து ஆல் பாஸ்..."

அங்கே குரல் இறங்கிவிட்டது. மீதியை மனதுக்குள் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். "எந்த வால்வு?" என்றார். நான் கழுத்துத் துணியைத் தூக்கித் துளையைக் காட்டினேன்.

அவரோடு தொழில் செய்யும் ஒரு பெரியவர், "அப்ப நீ படிக்காமத்தான் எல்லாத்தையும் பாஸ் பண்ணுறியா சிக்கந்தர்?" என்று கேட்டார். வாசலே சிரித்தது. என் வாய்க்கு ஓய்வு கொடுக்கச் சொன்னவர் தன் வாயால் என் சொல்லைப் படித்தார் என்பதை நினைத்து நினைத்து நான் நெடுநாள் சந்தோஷப்பட்டேன். நோயாளிகளுக்கு மனம் அமைதியாக இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு மருந்தைவிட இது நன்றாக வேலை செய்தது. சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது.

தீர்மானத்தை ரத்து செய்ய முடியுமா என்று அவர் ஆணையரிடம் போய்க் கேட்டதாகத் தனலட்சுமி சொன்னார். ரத்து செய்ய வேண்டுமானால் மறுபடி மன்றத்தில் வைத்துக் காரணம் எழுத வேண்டும். படிக்காமல் நிறைவேற்றிவிட்டோம் என்று எழுத அவர் தயாராக இல்லை. எனக்குக் கொடுத்ததைக் காட்டி முத்தம்மாளும் மனு போட்டார். மறுக்க வழியில்லாமல் அதுவும் நிறைவேறியது. இத்தோடு முடிந்திருந்தால் நான் ஜெயித்தவனாக இருந்திருப்பேன்.

சிக்கந்தரை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். ஒரு காலை பஸ் ஸ்டாண்ட் எதிரே ஃப்ளெக்ஸ் தொங்கியது. அவர் படம் பெரிதாக, என் பழைய படம் சிறிதாக. மேலே, 'குரலற்றவருக்குக் குரல் கொடுத்த கோமகனே!' என்று எழுதியிருந்தது. ஊர் அதைப் படித்தது. பள்ளிவாசல் வாசலில் சிரித்தவர்களே, "இருந்தாலும் செஞ்சுட்டான்ல" என்று பேசத் தொடங்கினார்கள்.

அன்று மாலையே போட்டோக்காரரோடும் ஆட்களோடும் வீட்டுக்கு வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் ஜரிகைக் கரை போட்ட பொன்னாடையை விரித்து என் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டார். பொன்னாடை போர்த்தும் எவரும் கழுத்தைத்தான் மூடுவார்கள். என் மூச்சு அங்கேதான் இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காற்று நின்றது. நான் அதை இழுத்தேன், அவர் போட்டோவுக்காக என் இரண்டு கைகளையும் பிடித்து உயர்த்தினார்.

ஹபீபா உள்ளிருந்து ஓடிவந்து பொன்னாடையைப் பிய்த்து எறிந்தாள். "அதுலதான்யா அவரு மூச்சு விடுறாரு. கொல்லவா வந்தீங்க?"

"தெரியாம நடந்துபோச்சு அக்கா" என்றார் சிக்கந்தர். முதல் தடவையாக அவர் குரல் சிறுத்திருந்தது. ஆனால் போட்டோ எடுத்தாகிவிட்டது. மறுநாள் உள்ளூர்ச் செய்தியில் அது வந்தது. மூச்சில்லாமல் என் கண் பிதுங்கி நீர் வழிவதைப் பார்த்து, 'நெகிழ்ச்சியில் முன்னாள் ஊழியர்' என்று போட்டிருந்தார்கள். செய்தியைப் படித்த தூரத்து உறவினர்கள் அவருக்காக துஆ (இறைவனிடம் வேண்டுதல்) செய்யச் சொல்லி எனக்குப் போன் செய்தார்கள். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அப்போது எனக்கு வாய் இல்லை.

வால்வு வைத்து இப்போது நாளாகிவிட்டது. டீ குடிக்கும்போது இருமல் வந்தால் வால்வு கசிகிறது, மதுரைக்குப் போகும் வேளை வந்துவிட்டது என்று பொருள். மற்றவர்கள் ரமலானையும் பக்ரீதையும் வைத்து வருஷத்தைச் சொல்கிறார்கள், நான் போன வால்வில் நடந்தது, இந்த வால்வில் நடந்தது என்று சொல்கிறேன். துளையில் விரல் இருந்தால் பேச்சு வரும், விரலை எடுத்தால் மூச்சு வரும். இரண்டும் சேர்ந்து வராது. முன்பு பேசிக்கொண்டே நடந்தவன் இப்போது ஒரு வாக்கியத்துக்காக நின்று, மூச்சைச் சேர்த்து, விரலை வைக்கிறேன். ஒவ்வொரு சொல்லும் ஒரு மூச்சைத் தின்கிறது. அதனால் எதைச் சொல்வது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் முதல் சொல்லை நான் பார்த்துச் சொல்லவில்லை.

அது வால்வு பொருத்திய பிறகு முதன்முதலாகப் பேசவைத்த நாள். ஹபீபா பஸ்ஸிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள், முதலில் பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும் என்று. அதன்பின் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

மருத்துவர் என் விரலைப் பிடித்துத் துளையின்மேல் வைத்தார். "நல்லா மூச்சை இழுங்க பாய். இப்ப அடைங்க. மனசுல மொதல்ல என்ன வருதோ அதச் சொல்லுங்க."

மூச்சை இழுத்தேன். அடைத்தேன். தகர டப்பாவில் சரளைக்கல் உருண்டது போல ஒரு சத்தம் வந்தது. வார்த்தை தெளிவாகவே இருந்தது.

"சிக்கந்தர்."

மருத்துவர் கைதட்டினார். சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்திருந்தது. "அருமை. மகன் பேரா பாய்?"

நான் விரலை எடுத்துவிட்டேன். ஹபீபாதான் பதில் சொன்னாள். "எங்களுக்கு மகன் இல்ல டாக்டர். ஒரே பொண்ணு. இவரு சொல்றது வேற ஆளு."

திரும்பும் பஸ்ஸில் கொடைரோடு தாண்டும்வரை அவள் ஜன்னலைப் பார்த்தே வந்தாள். நான் மூச்சைச் சேர்த்து, விரலை வைத்து, "ஹபீபா" என்றேன். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"கேக்குது" என்றாள். "ரெண்டாவதாத்தான கூப்புடுறீங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அவள் பெயரைச் சொல்லிவிட்டேன். சமையலறையிலிருந்து பதில் குரல் கொடுக்கிறாள், பழையபடி சண்டையும் போடுகிறாள். ஆனால் அந்த முதல் மூச்சு போனது போனதுதான், அதை அந்த ஆள் எடுத்துக்கொண்டுவிட்டார். ஃப்ளெக்ஸையும் பொன்னாடையையும்கூட என்றாவது ஒருநாள் நான் மன்னிக்கலாம். இதை மன்னிக்க மாட்டேன்.